டீஹியூமிடிஃபயர் இரைகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை: பேஸ்மென்ட் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொரன்டோப் பக்கம் ஜூன் கடைசியில் வெயில் ஏறினதும் பேஸ்மென்டில் அந்த வாடை கிளம்பிவிடும். அட்டைப் பெட்டிகள் நமுத்துப்போகும், அலமாரியில் வைத்த குளிர்காலச் சப்பாத்துகளில் பூஞ்சணம் பிடிக்கும், கார்ப்பெட்டில் வெறுங்காலோடு நடந்தால் ஒரு பிசுபிசுப்புத் தெரியும். சரி, மூலையில் கிடக்கும், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபயரைப் போடலாம் என்று போட்டால் இரைகிறது, காற்றும் வருகிறது, மறுநாள் காலையில் பக்கெட்டை இழுத்துப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. 'மெஷின் போச்சு' என்று உடனே கடைக்குப் போய் முந்நூறு டாலருக்கு மேல் கொடுத்துப் புதிது வாங்கி வருபவர்கள் நிறையப் பேர்.

வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் வரும் சிக்கல்கள் மூன்று விதம். சிலது பெட்டியின் கோளாறே கிடையாது. சிலது ஃபில்டரைக் கழுவுவது, மிதவையை விடுவிப்பது மாதிரி கையாலேயே சரியாகிவிடும். மிச்சம் ஒன்றிரண்டு, சரிசெய்யப் போனால் புதுப் பெட்டியின் விலை வந்துவிடும். எது எந்த விதம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் இங்கே சொல்வதெல்லாம் கம்ப்ரஸர் உள்ள வகைக்கு. கனடாவில் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

இது தெரியாமல் கோளாறைத் தேட முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் அறைக் காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று முதலில் குளிர்ந்த காயிலை, அதாவது வளைந்து வளைந்து போகும் குழாயை, தொடுகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல அந்தக் காயிலின் மேல் நீர் துளிர்த்து, கீழே உள்ள தட்டில் சொட்டி, அங்கிருந்து பக்கெட்டுக்குப் போகிறது. ஈரம் போன காற்று அடுத்து ஒரு சூடான காயிலைக் கடந்து வெளியே வருகிறது. ஆகவே வெளியே வரும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. 'ஏசி மாதிரி குளிர்ச்சி வரவில்லையே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரு காயிலைக் குளிரவும் இன்னொன்றைச் சூடாகவும் வைப்பது கம்ப்ரஸரும் குழாய்க்குள் சுற்றும் குளிர்பதன வாயுவும். ஃபேன் மட்டும் ஓடி, கம்ப்ரஸர் ஓடாவிட்டால் அது வெறும் காற்றாடிதான்.

எதையும் தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், சீரியல் எண், தயாரித்த தேதி எல்லாம் அதில் இருக்கும்.

ஏன் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், டீஹியூமிடிஃபயர்கள் தீப்பிடித்த கதை உண்மையிலேயே உண்டு. கிரீ என்ற சீன நிறுவனம் தயாரித்த பெட்டிகள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று 2013 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல். கிரீ என்ற பெயரே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் கடையில் அவை டான்பி, கென்மோர், ஃப்ரிஜிடேர், சோலியஸ் ஏர், டெலோங்கி போன்ற பெயர்களில்தான் விற்றன. ஆபத்தை மறைத்ததற்காக அந்த நிறுவனம் 2016இல் 1.54 கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அப்புறம் 2021 ஆகஸ்டில் நியூ வைடெக் என்ற இன்னொரு தயாரிப்பாளரின் பெட்டிகளும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. அதுவும் பல பிராண்ட் பெயர்களில் விற்றதுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பெட்டி, வீட்டோடு சேர்ந்து வந்தது, கராஜ் சேலில் இருபது டாலருக்கு வாங்கினது என்றால், ஹெல்த் கனடாவின் ரீகால் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், பிளக்கைத் திரும்பவும் செருகவும் வேண்டாம். 'இவ்வளவு வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு' என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

முதல் கேள்வி: அறையில் உண்மையில் ஈரம் இருக்கிறதா?

பக்கெட் காலியாக இருப்பதால் மட்டும் பெட்டி பழுது என்று ஆகாது. அறையில் எடுப்பதற்கு ஈரம் இல்லாமலும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஈரப்பதத்தை அளக்கும் ஒரு ஹைக்ரோமீட்டர் வேண்டும், பதினைந்து இருபது டாலருக்குள் கிடைக்கும். பெட்டியின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அந்த சென்சார் காயிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அது காட்டுவது அந்த இடத்துக் காற்றின் நிலையை, மற்ற மூலையில் இருக்கும் உங்கள் அலமாரியின் நிலையை இல்லை.

வாங்கின ஹைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சமையலறை உப்பை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் குழைவாக்குங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, மேலே தண்ணீர் தேங்கவும் கூடாது. மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம், மனதில் கூட்டிக்கொண்டால் போதும்.

இப்போது பேஸ்மென்டில் அளந்து பாருங்கள். 50க்குக் கீழே இருந்தால் பெட்டி தன் வேலையை ஏற்கனவே முடித்துவிட்டது, அல்லது வேலையே இல்லை. நவம்பர் தொடங்கி ஃபர்னஸ் ஓடும் மாதங்களில் வீட்டுக் காற்று தானாகவே காய்ந்துவிடும். அந்த நாட்களில் பக்கெட்டில் தண்ணீர் சேரவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை, நிறுத்திவைத்துவிடலாம். 60க்கு மேலே, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தும் இறங்கவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும்.

ஆனால் அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பெட்டி எடுப்பதைவிட வேகமாக ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கிறதா? ஈரத்தை விரட்டலாம் என்று ஜூலையில் பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரமும் உள்ள வெளிக்காற்று ஏறக்குறைய 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராக மாறத் தொடங்கிவிடும். உங்கள் பேஸ்மென்ட் தரையும் சுவரும் அதைவிடக் குளிராக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் தண்ணீரைக் கூப்பிட்டு உள்ளே விடுகிறீர்கள். டிரையரின் பின்குழாய் கழன்று நீராவி அறைக்குள்ளேயே போகிறதா, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அத்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டுகிறதா என்றும் வெளியே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். கீழே தனிச் சமையலறை இருந்து, புட்டும் இடியப்பமும் தினமும் அவிந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் இருந்தால் எந்தப் பெட்டியும் திணறத்தான் செய்யும்.

கீழே வாடகைக்கு ஆள் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். இரவில் சத்தம் தூங்க விடவில்லை என்று அவர்கள் நிறுத்திவிடுவார்கள், காலையில் திரும்பப் போட மறந்துவிடும். நீங்கள் மேலே இருந்துகொண்டு மெஷின் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பழுது பார்க்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்றுமே ஓடவில்லை என்றால்

லைட் எரியவில்லை, ஃபேனும் இல்லை. அந்தச் சுவர் பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் பிரச்சினை பெட்டியில் இல்லை. பிரேக்கர் விழுந்திருக்கும், அல்லது ஈரமான இடங்களில் வைக்கும் ரீசெட் பட்டன் உள்ள பிளக் தட்டிப்போயிருக்கும். அந்தப் பட்டன் நீங்கள் செருகியிருக்கும் பிளக்கிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, குளியலறையிலோ லாண்டரிப் பக்கமோ உள்ள ஒன்று இதையும் சேர்த்துக் கட்டுப்படுத்தலாம். ஒரு தரம் ரீசெட் செய்யுங்கள். மறுபடியும் மறுபடியும் விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். மின்சாரம் எங்கோ கசிகிறது, பெட்டியை ஒதுக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு ஓட்டுபவர்களுக்கு: வேண்டாம். நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். மெல்லிய வயர் மணிக்கணக்காக அந்தச் சுமையைத் தாங்காது, சூடாகும். கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் குறைந்து அது கிளம்ப முடியாமலும் போகும். பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது அல்லது அதன் முனை பழுப்பேறி இருக்கிறது என்றால் அந்தச் சுவர் பிளக்கை மாற்றாமல் அதில் எதையும் செருகக் கூடாது.

லைட் எரிகிறது, ஆனால் ஓட மறுக்கிறது

இதில் பத்துக்கு ஒன்பது பக்கெட்டின் வேலை என்று துணிந்து சொல்வேன். பக்கெட்டுக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கும், பிளாஸ்டிக்கிலோ ஃபோமிலோ. தண்ணீர் நிறைந்ததும் அது மேலே எழும்பிப் பெட்டியை நிறுத்திவிடும். பல மாடல்களில் அந்த மிதவைக்குள் ஒரு காந்தம் இருக்கும், பெட்டியின் உள்சுவரில் அதை உணரும் சென்சார் இருக்கும். பக்கெட் ஒரு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தாலும், மிதவை அழுக்குப் படிந்து மேலேயே ஒட்டிக்கொண்டாலும், கழுவும்போது கழன்று சிங்க்குக்குள் போய்விட்டாலும் 'பக்கெட் நிறைந்துவிட்டது' அல்லது 'பக்கெட் இல்லை' என்றுதான் பெட்டி நினைக்கும்.

பக்கெட்டை வெளியே எடுத்து, வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, மிதவையை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் விழ வேண்டும். பக்கெட் போகும் பொந்தின் உள்ளேயும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நெம்பு உடைந்திருக்கலாம். பிறகு 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். ஹோஸ் மாட்டி ஓட்டினாலும் பல மாடல்களில் பக்கெட் உள்ளே இருந்தே ஆக வேண்டும். ஹோஸ்தான் இருக்கிறதே என்று பக்கெட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டி ஓடவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம்: நிறுத்திவிட்டு உடனே போட்டால் கம்ப்ரஸர் உடனே கிளம்பாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று நிமிடம் போல எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் அந்த நேரம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

ஓடுகிறது, தண்ணீர் மட்டும் இல்லை

கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

ஃபில்டரிலிருந்து தொடங்குவோம். முன்புறமோ பின்புறமோ ஒரு வலை இருக்கும், இழுத்தால் வந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் அவ்வளவு தூசு அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் இதைச் செய்ய வேண்டும். டிரையர் பக்கத்தில் பெட்டியை வைத்திருந்தால் பஞ்சு இன்னும் வேகமாகச் சேரும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுற்றிலும் ஓர் அடி இடம் விடுங்கள்.

ஃபில்டரை எடுத்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகளும் அவற்றுக்குள் ஓடும் குழாயும் தெரியும். அதுதான் குளிரும் காயில். அதன் மேலும் தூசு கம்பளம் போட்டிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் மாட்டி, தகடுகள் போகும் திசையிலேயே மேலிருந்து கீழாக உறிஞ்சுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிவிடும், விரலும் வெட்டும்.

இப்போது சோதனை. ஈரப்பத அளவைக் கிடைக்கிற அளவுக்குக் குறைத்து, அல்லது தொடர்ந்து ஓடும் நிலையில் வைத்து, ஃபேனை அதிக வேகத்தில் போட்டு இருபது நிமிடம் ஓட விடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டரைக் கழற்றிக் காயிலைப் பாருங்கள், தொட்டும் பாருங்கள். நான்கு நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

காயில் முழுக்கச் சில்லென்று இருந்து, எல்லா இடத்திலும் துளிர்த்திருந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. அறை நிலையைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவை. 60இல் வைத்துவிட்டு அறை 58இல் இருந்தால் அது ஏன் ஓடப்போகிறது? 45 அல்லது 50இல் வையுங்கள்.

காயில் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது அறை அளவுக்கு மீறிக் குளிராக இருக்கிறது. அடைத்த ஃபில்டரும் தளர்ந்துபோன ஃபேனும் முதல் வகை. இரண்டாவது வகை மே மாதத்திலும் அக்டோபரிலும் வரும். அறை வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கக் காயிலில் பனி படிவது அதிகமாகும். பெட்டி அவ்வப்போது கம்ப்ரஸரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓட்டி, பனியை உருக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு அது பழுதாகத் தோன்றும், பழுது இல்லை. பனி பாளம் பாளமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு பழைய துவாயைப் போட்டு, தானாக உருக விடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கொண்டு குத்தாதீர்கள். குழாயில் ஓர் ஊசி ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறிவிடும், அதோடு பெட்டியின் கதை முடிந்தது.

மூன்றாவது நிலை, காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும், முதல் ஒன்றிரண்டு வளைவில் பனி, மிச்ச இடமெல்லாம் அறை வெப்பத்தில் காய்ந்து கிடப்பது. ஃபில்டரும் சுத்தம், அறையும் 22 டிகிரி, அப்படியும் இப்படி இருந்தால் வாயு குறைந்துவிட்டது என்று கிட்டத்தட்ட முடிவுகட்டிவிடலாம்.

நான்காவது, காயில் எங்கேயுமே குளிரவில்லை. கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது ஓடியும் உள்ளே வாயு இல்லை. இரண்டையும் பிரித்தறிய காதைவிட நல்லது ஒரு வாட் மீட்டர். சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகும் சின்னக் கருவி, முப்பது நாற்பது டாலர். ஹைட்ரோ பில் (கரண்ட் பில்) ஏன் இவ்வளவு வருகிறது என்று பார்க்கவும் உதவும், வாங்கி வைப்பது நஷ்டம் இல்லை. ஃபேன் மட்டும் ஓடினால் அது நூறு வாட்டுக்குக் கீழே காட்டும். கம்ப்ரஸரும் சேர்ந்தால் பெட்டியின் அளவைப் பொறுத்து 300 முதல் 600 வாட் வரை ஏறும்.

ஏறவே இல்லை, ஐம்பது அறுபதிலேயே நிற்கிறது என்றால் கம்ப்ரஸருக்கு உத்தரவு போகவில்லை. ஈரப்பத சென்சாரோ கட்டுப்பாட்டுப் பலகையோ காரணம். சென்சாரின் மேல் தூசு படிந்திருந்தால் துடைத்துப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும். எண் சட்டென்று எகிறி, ஒரு உறுமல் கேட்டு, சில விநாடியில் 'கிளிக்' என்று விழுந்து, சில நிமிடம் கழித்து இதே நாடகம் திரும்ப நடந்தால் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது. அதைக் கிளப்பிவிட உதவும் கப்பாசிட்டர் போயிருக்கலாம், கம்ப்ரஸரே இறுகியிருக்கலாம். எண் 400இல் நிலையாக நிற்கிறது, ஆனாலும் இருபது நிமிடத்துக்குப் பிறகு காயில் குளிரவில்லை என்றால் வாயு போய்விட்டது, அல்லது கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து அழுத்தம் கொடுக்க முடியாமல் இருக்கிறது. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், கீழே சொல்கிறேன்.

கப்பாசிட்டர் சின்னப் பொருள், விலையும் குறைவு, மாற்றுவதும் எளிது என்று வீடியோக்களில் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கிப்போடும். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் உள்ளவர் செய்யட்டும். முதல் முறையாக ஸ்க்ரூ டிரைவர் எடுப்பவர் இதில் பழகக் கூடாது.

தரையில் தண்ணீர்

பெட்டி தண்ணீர் எடுக்கிறது, ஆனால் அது பக்கெட்டுக்குப் போகாமல் தரைக்கு வருகிறது. பக்கெட்டில் தண்ணீரை நிரப்பி சிங்க்கில் அரை மணி நேரம் வைத்தால் விரிசல் இருந்தால் தெரிந்துவிடும். விரிசல் இல்லை என்றால், காயிலுக்குக் கீழே உள்ள தட்டின் துளை பாசியும் தூசும் அடைத்து, தண்ணீர் விளிம்பு தாண்டி வழிகிறது. பக்கெட்டை எடுத்துவிட்டு மேலே பார்த்தால் அந்தத் துளை தெரியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ வயர் டையாலோ குத்தி விடுங்கள். தரை சரிவாக இருந்தாலும் இதே போல வழியும். பேஸ்மென்ட் தரை வடிகால் பக்கம் சாய்ந்திருப்பது வழக்கம், ஒரு மட்டப் பலகை வைத்துப் பார்த்து, பெட்டிக்குக் கீழே சின்னக் கட்டை கொடுங்கள்.

ஹோஸ் விஷயம் இன்னும் எளிது. பெட்டியிலிருந்து வடிகால்வரை அது இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மேலே ஏறி இறங்கினாலும் தண்ணீர் அங்கே நின்று, பின்னோக்கி பக்கெட்டுக்கே வரும். சாதாரண தோட்டக் குழாய்தான் பெரும்பாலான மாடல்களுக்குப் பொருந்தும், ஆனால் இணைக்கும் இடத்தில் ரப்பர் வாஷர் இல்லாமல் முறுக்கினால் சொட்டும். தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப் உள்ள மாடல் என்றால் பம்ப்பின் வடிகட்டியில் வழுவழுப்பாகப் பாசி பிடித்திருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பக்கெட்டில் ஊற்றி பம்ப்பை ஓட விட்டால் அநேகமாகத் திறந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், குடிக்கக் கூடாது. காயிலின் உலோகமும் பக்கெட்டின் கிருமியும் அதில் உண்டு. டாய்லெட்டில் ஊற்றலாம்.

சத்தம், நாற்றம், எழுத்துகள்

கடகடவென்ற சத்தம் என்றால் முதலில் பக்கெட் ஆடுகிறதா, தரையில் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். கரகரவென்று உரசினால் ஃபேன் இறக்கை எதிலோ இடிக்கிறது. புளித்த நாற்றம் வந்தால் காயிலும் பக்கெட்டும் அழுக்கு, கழுவினால் போகும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் சோதனை எதுவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

திரையில் வரும் குறியீடுகள் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், கையேட்டை நெட்டில் மாடல் எண்ணைப் போட்டு எடுப்பதுதான் சரி. இருந்தாலும் கடையில் உள்ள பல மாடல்களில் 'பி2' என்றால் பக்கெட் நிறைந்தது, 'ஈபி' என்றால் பக்கெட் சரியாக உட்காரவில்லை, 'ஏஎஸ்' ஈரப்பத சென்சார், 'ஈஎஸ்' காயில் வெப்ப சென்சார். குறியீடு வந்ததும் பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள், போய்விட்டால் போய்விட்டது. திரும்ப வந்தால் சென்சாரின் வயர் இணைப்புக் கழன்றிருக்கலாம்.

சரிசெய்வதா, தூக்கிப்போடுவதா?

ஃபில்டர், மிதவை, பக்கெட், ஹோஸ், சென்சார் எல்லாம் சரிசெய்யத் தகுந்தவை. வாயுவும் கம்ப்ரஸரும் அப்படி இல்லை. இந்தப் பெட்டிகளின் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே வாயு நிரப்பி மூடிப் பற்றவைத்துவிடுகிறார்கள். காரில் ஏசிக்கு அடிப்பது போல வாயு அடிக்க வசதியே வைப்பதில்லை. ஒன்ராறியோவில் குளிர்பதன வாயுவில் கைவைக்க, அதற்கான பயிற்சி முடித்து ஓடிபி கார்டு வாங்கியவருக்குத்தான் அனுமதி. அவர் வந்து, ஓட்டையைத் தேடி, அடைத்து, வாயு நிரப்பி முடிக்கும்போது புதுப் பெட்டியின் விலையைத் தாண்டியிருக்கும். 'எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் அம்பது டாலருக்கு காஸ் அடிச்சுத் தருவார்' என்பவர்களிடம், ஓட்டையை அடைக்காமல் அடித்தால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். பெட்டி வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் திருகைத் தொடாமல் ரசீதைத் தேடுங்கள். குளிர்பதனப் பகுதிக்கு மட்டும் கூடுதல் வருடம் உத்தரவாதம் தரும் நிறுவனங்களும் உண்டு.

பழையதைக் குப்பைப் பையோடு சேர்த்து வைக்காதீர்கள், உள்ளே வாயு இருக்கிறது. உங்கள் நகரசபை இந்த மாதிரிப் பொருட்களை எப்படி எடுக்கிறது என்று பார்த்து அப்படியே கொடுங்கள்.

புதிது வாங்கப் போனால் பைன்ட் கணக்கில், அதாவது ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் எடுக்கும் என்ற கணக்கில், ஏமாந்துவிட வேண்டாம். முன்பு 70 பைன்ட் என்று விற்ற பெட்டியின் இடத்தில் இப்போது 50 பைன்ட் என்று போட்டிருக்கும். பெட்டி சுருங்கவில்லை. 2019இல் அமெரிக்காவில் அளக்கும் முறையை மாற்றினார்கள். முன்பு 27 டிகிரி அறையில் அளந்ததை 18 டிகிரியில் அளக்கத் தொடங்கியதும் எண் இறங்கிவிட்டது, பேஸ்மென்டின் உண்மை நிலைக்கு அதுதான் பக்கம். உங்கள் பழைய பெட்டி 2019க்கு முந்திய 50 பைன்ட் என்றால் இப்போது 35 பைன்ட்டே அதற்குச் சமம்.

காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும். நேராக நிறுத்தி ஒரு நாள் விட்டுவிட்டு, அப்புறம் போடுங்கள்.